ஒரு மரை, இரண்டு கோணம்

நகப்பூச்சுக் கோடு பிரிந்திருந்தது. எங்கள் கிளப்பில் ரைஃபிளின் ஸ்டாக் ஸ்க்ரூவை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். ஸ்க்ரூ இம்மி அசைந்தாலும் கோடு இரண்டாகி விலகி நிற்கும். காலையில் டார்க் ரெஞ்சை 5 நியூட்டன் மீட்டரில் வைத்து நான்தான் முறுக்கினேன். 40 குண்டுகள் முடிவதற்குள் கோடு அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது.

அந்த ரைஃபிளில் சுட்டுக்கொண்டிருந்தது பத்தாம் வகுப்புப் பிள்ளை. 50 மீட்டர் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். மூன்று வாரமாக அவளுடைய குண்டுகள் எட்டிலும் ஏழிலும் சிதறின. மூச்சைப் பார், விரலைப் பார், கைவாரை இன்னும் ஒரு துளை இறுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் முகம் வாடாமல் அத்தனையும் செய்தாள். குறை அவளிடம் இல்லை என்று அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டு முதலில் அதைச் சொன்னேன்.

ரைஃபிள் பழைய ஆன்ஷூட்ஸ், 54 ஆக்‌ஷன். 1856இல் ஜெர்மனியின் மெலிஸ் ஊரில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உல்ம் நகருக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. குழலும், குண்டை ஏற்றி வெடிக்கும் பொறியான ஆக்‌ஷனும் இன்றும் குற்றம் சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன. அந்த இரும்பையும் அதைத் தாங்கும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கீழிருந்து மேலேறும் ஸ்டாக் ஸ்க்ரூக்கள். பிடி தளர்ந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு கட்டையில் வேறு வேறு இடத்தில் உட்காரும். தலைமுடி அளவு மாறி உட்கார்ந்தால் போதும், 50 மீட்டரில் மதிப்பெண் போய்விடும். முன் ஸ்க்ரூவைக் கழற்றியபோது அது உல்மிலிருந்து வந்ததல்ல என்பது பார்த்ததுமே புரிந்தது. எப்போதோ தொலைந்ததற்குப் பதிலாக யாரோ சாதா இரும்பில் செய்து போட்டிருக்கிறார்கள்.

கடையில் 6 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிப் போட்டால் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். தலை வேறு, நீளம் வேறு. தண்டு கட்டையின் துளைச்சுவரில் உரசக் கூடாது. நீளம் கூடினால் நுனி மேலே போய் ரைஃபிளின் சொந்த போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதை மறிக்கும். குறைந்தால் நாலைந்து மரையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் செய்துதான் ஆக வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கும்போது செய்வதற்கு ஆளா இல்லை? கணபதியில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பம்ப் உதிரி, மில் உதிரி, மோட்டார் தண்டு என்று வீட்டுக்கு வீடு லேத் ஓடுகிறது. ஆனால் ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். லேத் பட்டறைக்கு அது கிடையாது. எனவே கெட்டுப்போன ஸ்க்ரூ, கட்டையில் எடுத்த அளவுகள், புதிய 6 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும், கிளப் ஸ்க்ரூடிரைவர், இவ்வளவுதான் என் பையில் இருந்தன. அந்தப் புதிய போல்ட்டை கிளப்பிலேயே ஆக்‌ஷனில் விரலால் திருகிப் பார்த்திருந்தேன். உள்மரை கெடவில்லை, வழுக்கிக்கொண்டு ஏறியது.

பட்டறைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல், மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. மகன் பக்கத்துக் கொட்டகையில் சிஎன்சி ஓட்டுகிறார். இரண்டு ஸ்க்ரூவுக்கு அந்த மெஷினில் செட்டிங் போட்டால் கட்டாது என்று என்னை நேரே அப்பாவிடம் அனுப்பிவிட்டார்.

பெரியவர் பழைய ஸ்க்ரூவை மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிட்ச் கேஜில் 1 மில்லிமீட்டர் தகட்டை எடுத்து மரைமேல் வைத்தார். பல்லும் பள்ளமும் சேர்ந்தன. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அவர் மட்டும் கையை எடுக்கவில்லை.

"பாருங்க அம்மணி, பல்லு உக்காந்துருச்சு. ஆனா ரெண்டு பக்கமும் வெளிச்சம் கசியுது பாருங்க."

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் சரிவிலும் ஊசி போல வெளிச்சம். பெரியவர் எழுந்து போய், தகர டப்பா ஒன்றைக் கிளறி வேறொரு கேஜை எடுத்து வந்தார். அதன் தகட்டை வைத்ததும் வெளிச்சம் அடைபட்டது.

"இது ஜீரோ பி.ஏ.ங்க. எம் 6 இல்லைங்க."

இரண்டுக்கும் குறுக்களவு 6 மில்லிமீட்டர். இரண்டிலும் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். ஆனால் எம் 6 மரையின் கோணம் 60 பாகை, பி.ஏ. மரையின் கோணம் 47.5 பாகை. அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் ஏறிவிடும், இறுகுவது போலவும் இருக்கும். உள்ளே சரிவோடு சரிவு பொருந்தியிருக்காது. பழைய ஸ்க்ரூவில் பல்லின் உச்சியை ஒட்டி மட்டும் நூல் போல ஒரு கோடு தேய்ந்து பளபளத்தது. 5 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தையும் அத்தனை ஆண்டுகள் தாங்கியது அந்த நூலளவு இரும்புதான்.

அங்குலத்தில் அளந்த இங்கிலாந்தில் மில்லிமீட்டர் மரை எப்படி வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. கடிகாரம், கருவி போன்றவற்றின் சிறிய ஸ்க்ரூக்களுக்காக பிரிட்டிஷ் அசோசியேஷன் (பி.ஏ.) 1884இல் ஒரு மரை வரிசையைப் பரிந்துரைத்தது. அதற்கு மூலம் சுவிட்சர்லாந்தின் தூரி மரை. அங்கிருந்துதான் 47.5 பாகையும் மில்லிமீட்டர் கணக்கும் வந்தன. இங்கே கோயம்புத்தூரில் 1888இலேயே நூற்பாலை வந்துவிட்டது. மில்களுக்கு இங்கிலாந்து இயந்திரம் இறங்கியபோது கூடவே விட்வொர்த் மரையும் பி.ஏ. மரையும் இறங்கின. 1956இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்தும், மரை போடும் பழைய டையும் டேப்பும் தகர டப்பாக்களில் தங்கிவிட்டன. அப்படி ஒரு டப்பாவிலிருந்த 0 பி.ஏ. டையில் போட்ட மரைதான் எங்கள் ரைஃபிளுக்குள் வந்திருக்க வேண்டும்.

"டை வெச்சுப் போட்டா ஆகாதுங்ளாண்ணா?" என்றேன்.

"போடலாமுங்க. டை கொஞ்சம் சாஞ்சாலும் மரை சாஞ்சுக்கும். தலை ஒருபக்கமா ஒக்காரும். உங்களுக்கு அது ஆகாதுங்களே."

ஈ.என். 24 கம்பியை சக்கில் மாட்டினார். தண்டைக் கடைந்து, நுனியை எதிர்ப்பக்கத்து சென்டரில் தாங்க வைத்தார். டூலைக் கிரைண்டரில் தீட்டி, 60 பாகை கேஜோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி தீட்டினார். நான் எண்ணிக்கொண்டு வந்தேன், நாலு தடவை. அவருடைய லேத்தில் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. அதில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. இரண்டு அளவுகளையும் மீதம் விழாமல் இணைப்பது அந்த ஒரு சக்கரம்தான். அதைத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறார். இப்படி வெட்டும்போது டூலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டை நடுவில் திறக்க முடியாது. திறந்தால் டூல் அதே பள்ளத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னுக்கு இழுத்து, மெஷினைப் பின்னோக்கி ஓட்டி, தொடக்கத்துக்கு வந்து, மறுபடி முன்னே.

முதல் வெட்டு வெறும் கீறல். அதில் ஸ்கேலை வைத்துப் பத்து மரைக்குப் பத்து மில்லிமீட்டர் என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஆயில் சொட்டச் சொட்ட வெட்டு இறங்கியது. தொடக்கத்தில் வளையம் வளையமாக வந்த சுருள், போகப் போகத் தலைமுடியாக மெலிந்தது. கடைசி இரண்டு வெட்டுக்கு அவர் டூலைக் கிட்டத்தட்ட நகர்த்தவே இல்லை. அவ்வளவு பேச்சுக்காரர், அந்தப் பத்து நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. என் புதிய போல்ட்டுக்கு வாங்கிய நட்டை அதில் போட்டுச் சுண்டினார். சத்தமில்லாமல் அடிவரை ஓடி நின்றது.

தலையில் காடி வெட்டியது மில்லிங் மெஷினில் வேலை செய்யும் அம்மா. பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "எந்த ஸ்க்ரூடிரைவருங்க போடுவீங்க? அதைக் கொண்டாந்திருந்தா அந்த அகலத்துக்கே வெட்டியிருப்பேன்" என்றார். நான் கொண்டு போயிருந்தேன். வாயகலம் பார்த்து, கட்டரை மாற்றிக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டினார். டிரைவர் காடியில் நிரம்பி உட்கார்ந்தால்தான் தலை சிதையாது என்பதை இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்த எனக்கு, அவர் கேட்ட கேள்வி மனசுக்கு நிறைவாக இருந்தது. கடைசியாக ஸ்க்ரூக்களைச் சூடாக்கி எண்ணெயில் போட்டுக் கறுப்பேற்றினார்கள்.

கேட்டது இரண்டு, செய்தது நாலு. கூடுதல் இரண்டுக்குப் பெரியவர் காசு வாங்கவில்லை. கிரீஸ் தடவி, தாளில் மடித்து, மேலே பேனாவால் எழுதினார்: "எம் 6. ஜீரோ பி.ஏ. போடாதே." பழைய ஸ்க்ரூவைத் திருப்பித் தருவார் என்று கை நீட்டினேன். அவர் அதை வைஸில் கடித்து, ஹேக்ஸா பிளேடால் நடுவில் அறுத்துப்போட்டார். இன்னொருத்தர் கைக்கு அது போய்விடக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது ஸ்க்ரூவைப் போட்டு, 5 நியூட்டன் மீட்டரில் முறுக்கி, நகப்பூச்சுக் கோடு இழுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். 60 குண்டுகள். முடிந்ததும் அவள் தாளைப் பார்க்கவில்லை, ரைஃபிளைப் புரட்டிக் கோட்டைத்தான் பார்த்தாள். உடையாமல் இருந்தது. நான் ரேக்கிலிருந்த அடுத்த ரைஃபிளை எடுத்து, அதன் முன் ஸ்க்ரூவைக் கழற்ற உட்கார்ந்தேன்.