கூட்டிற்குள் ஒரு போர்

காட்டுயிர்ப் படம் என்றதும் தோகை விரித்த மயிலும், கன்றை அணைத்து நிற்கும் யானையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆண்டுதோறும் சுவரில் மாட்டும் நாட்காட்டிகள் தந்த பழக்கம் இது. இயற்கையோ நமக்காக முகம் திருத்திக்கொண்டு நிற்பதில்லை. யானைச்சீல் என்னும் கடல்விலங்குகள் கூட்டமாய்க் குட்டி ஈனும் கரைகளில், ஆண்கள் பொருதும்போது அவற்றின் உடற்பாரத்தின்கீழ் நசுங்கி மாயும் குட்டிகள் உண்டு.

இத்தகைய காட்சிக்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கல்யாணில் எங்கள் குடியிருப்பின் தூங்குமூஞ்சி மரத்தில் மழைக்காலந்தோறும் கொக்குகள் கூடு கட்டுகின்றன. 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் இளைஞர் சிலர் மாடியில் நின்று ஒரு கூட்டைப் படம் பிடித்தனர். முதற்படத்தில் மூத்த குஞ்சு இளையதன் தலையைக் கொத்துகிறது. அடுத்ததில் இளையது கூட்டின் விளிம்பில் தொங்குகிறது. மூன்றாவதில் அது இல்லை. தாய்ப்பறவையோ மூன்றிலும் வாளா நிற்கிறது. பொங்கல் விழாக் கண்காட்சியில் இவற்றை வைக்கலாமா என்ற வினா எழுந்தபோது, “பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் இது எதற்கு?” என்று பெரியோர் முகம் சுளித்தனர். தாயின் வாளாமையே அவர்களைப் பெரிதும் வருத்தியது.

அதற்குக் காரணம் உண்டு. முதல் முட்டை இட்டதுமே கொக்கு அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. மற்றவை சில நாள் இடைவெளியில் இடப்படுவதால் குஞ்சுகளும் முன்னும் பின்னுமாகப் பொரிந்து, வலியதும் மெலியதும் ஒரே கூட்டில் வளர்கின்றன. இரை மிகுந்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். குறைந்தால் மூத்தவையேனும் பிழைக்கும். இதனைக் கொடுமை என்பதும் அன்பின்மை என்பதும் நம் வீட்டு அளவுகோலால் காட்டை அளப்பதாகும்.

எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்துப் புகழ்பெற்றவர். வண்ணத்தின் மயக்கமின்றியும் உயிரின் இயல்பைக் காட்டலாம் என்பதற்கு அவர் படங்களே சான்று.

ஆயினும் எல்லாக் கடுமையும் ஒன்றன்று. 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தாணே கழிமுகத்திற்கு ஆயிரக்கணக்கான பூநாரைகள் வருகின்றன. ஐரோலியில் படகேறி எங்களில் பலர் அவற்றைக் கண்டு களித்ததுண்டு. 2024 மே 20 அன்று இரவு, தரையிறங்க வந்த விமானமொன்று காட்கோபர் வான்வெளியில் பூநாரைக் கூட்டத்தின்மீது மோதியது. ஏறத்தாழ 40 பறவைகள் குடியிருப்புகளிடையே சிதறி வீழ்ந்தன. அந்தப் படத்தைக் காணும்போது காட்டின் நியதி என்று கூறி நாம் விலகிக்கொள்ள இயலாது. அங்கே வானும் கழிமுகமும் மனிதன் நெருக்கிய இடங்கள்.

நெடிய விவாதத்திற்குப்பின் இருவகைப் படங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. கொக்குப் படங்களின்கீழ், ‘கூட்டை நெருங்காதீர், தாய் அஞ்சிப் பறந்தால் காகம் காத்திருக்கிறது’ என்று எழுதினோம். பூநாரைப் படத்தின்கீழ் நாளையும் இடத்தையும் மட்டுமே எழுதினோம். பிள்ளைகள் அஞ்சவில்லை, கேள்விகள் கேட்டனர். விடையளிக்கப் பெரியோரே முன்வந்தனர்.

மழைக்கு முன்னர்த் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளைக் கழிப்பது எங்கள் குடியிருப்பின் வழக்கம். பிந்திப்போன ஆண்டுகளில் கூடுகளோடு கிளைகள் வீழ்ந்ததும் உண்டு. இனிக் குஞ்சுகள் பறந்து சென்ற பின்னரே கத்தி எடுப்பது என்று முடிவு செய்தது அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான். மூத்த குஞ்சின் அலகைத் தடுக்க எங்களால் ஆகாது. கத்தியைத் தடுக்க ஆகும்.