எத்தனை ஹேஷ் வரை?

அரை மணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன். பைத்தானில் நான் எழுதி வைத்திருக்கும் சிறிய மார்க்டவுன் மாற்றி, கோப்பிலுள்ள தலைப்புகளையெல்லாம் பொறுக்கிப் பொருளடக்கம் போட்டுவிடும். ‘எல்லாம்’ என்பதுதான் சிக்கல். ஒரு கையேட்டுக்குப் பொருளடக்கம் மட்டுமே ஐந்து பக்கம் ஓடியது. ‘குறிப்பு’, ‘எச்சரிக்கை’ போன்ற ஐந்தாம் நிலைத் தலைப்புகள்கூட வரிசையில் வந்து நின்றன. எந்த நிலையோடு நிறுத்துவது என்று ஓர் எண் கொடுக்க வழி செய்தால் தீர்ந்தது. ஒரே ஒரு ‘இஃப்’.

ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுனில் பொருளடக்கமே கிடையாது. எச்டிஎம்எல்லின் ஆறு தலைப்பு நிலைகளுக்கு ஒன்று முதல் ஆறு ஹேஷ், அவ்வளவுதான். பின்னால் வந்த கருவிகள் ஆளுக்கொரு விதமாகச் சேர்த்துக்கொண்டன. ஆழம் சொல்லாவிட்டால் பாண்டாக் 3 வரை எடுக்கும், பைத்தான்-மார்க்டவுன் 6 வரை. ஹியூகோ 2-இல் தொடங்கி 3-இல் நிறுத்திக்கொள்ளும்.

இந்த எண் எதை எண்ணுகிறது? கோப்பின் பெயர் தனியே மேலே இருப்பதால் பலர் தலைப்புகளை இரண்டு ஹேஷில்தான் தொடங்குகிறார்கள். அங்கே ‘2’ என்றால் இரண்டு அடுக்கா, இரண்டாம் நிலையா? அடுக்கை எண்ணுவதுதான் கேட்பவர் மனதுக்கு நெருக்கம். ஆனால் ஒரே நூலின் ஓர் அத்தியாயம் ஒரு ஹேஷிலும் இன்னொன்று இரண்டிலும் தொடங்கினால், அதே மூன்று ஹேஷ் தலைப்பு ஒன்றில் விடுபட்டு மற்றதில் வந்துவிடும். ஹேஷைத்தான் எண்ணுவது என்று முடிவு செய்தேன். பைத்தான்-மார்க்டவுனைப் பார்த்து ‘2-4’ என எல்லை கொடுக்கவும் விட்டேன்.

இரண்டிலிருந்து நான்குக்குத் தாவுகிறவர்களும் உண்டு. நிலைக்கொரு பட்டியல் திறந்தால் நடுவில் வெறும் புள்ளி ஒன்று தொங்கும். முந்தையதைவிட ஆழமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

உண்மையில் என்னைக் கவிழ்த்தது அந்த இஃப்தான். அதைச் சுழற்சியின் தலைமாட்டில் போட்டிருந்தேன்: நிலை அதிகமானால் அடுத்த தலைப்புக்குப் போ. அதே சுழற்சியில்தான் ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடி சூட்டுவதும் நடந்தது. பொருளடக்கத்திலிருந்து நீக்கிய தலைப்புகள் ஐடியையும் இழந்தன. உடலுக்குள் ‘மேலே பார்க்க’ என்று அவற்றுக்குப் போன இணைப்புகள் செத்துப்போயின.

அது கண்ணில் பட்ட பிழை. படாதது ஒன்று இருந்தது. பைத்தானின் ரீஜெக்ஸில் ‘எழுத்து’ என்பதற்கான குறி, தமிழின் காலையும் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அந்தக் குறியை நம்பி ஐடி செய்யும் என் நிரல், ‘படம்’, ‘பாடம்’ இரண்டையும் ‘படம’ ஆக்கிவிட்டது. முன்பு ‘படம்’ முதலில் வந்து ஐடியை எடுத்துக்கொண்டது. ‘பாடம்’ ‘படம-1’ ஆனது. யாரும் கவனிக்கவில்லை. ஆழம் 2 என்றதும் மூன்றாம் நிலையிலிருந்த ‘படம்’ விலக, ‘பாடம்’ அந்த ஐடியில் ஏறிக்கொண்டது. படத்துக்கான இணைப்பைச் சொடுக்கினால் பாடத்தில் போய் நிற்கிறது! செத்த இணைப்பையாவது கண்டுபிடிக்கலாம். இடம் மாறிப் போகும் இணைப்பு எந்தச் சோதனையிலும் சிக்காது.

இப்போது ஐடி சூட்டுவது தனிச் சுழற்சி, ஆழம் பார்க்காமல் எல்லாத் தலைப்புக்கும். வடிகட்டுவது அதற்குப் பிறகு. உயிர்க்குறிகளையும் காப்பாற்றிவிட்டேன், அதனால் பழைய தமிழ் ஐடிகள் ஒருமுறை மாறின, அதற்கு மன்னிப்புக் குறிப்பும் எழுதினேன்.

டீஃபால்ட்? எனக்கு 3 பிடிக்கும். ஆனால் பழைய கோப்புகளின் பொருளடக்கம் சொல்லாமல் கொள்ளாமல் சுருங்கக் கூடாது என்று 6-ஐயே விட்டுவைத்தேன். உதவிக் குறிப்பைத்தான் நான்கு முறை மாற்றி எழுதினேன். கடைசியில் நின்றது இது: ‘ஹேஷ் எண்ணிக்கை, 1 முதல் 6. பொருளடக்கத்தை மட்டும் மாற்றும், இணைப்புகளைத் தொடாது.’