ஏழாம் மாடிக்கு வெள்ளம் வரும் வழி

ஒக்டோபர் 4, ஞாயிறு

மழைக்காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்தும் வேலையை இன்று தொடங்கினேன். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் பிறக்கும் காலம். மேயிலும் ஒரு சுற்று உண்டு. 2016 மேயில் ரோனு புயல் வந்தபோது அரநாயக்கவில் மலை சரிந்ததையும், களனி கரை மீறிக் கொலன்னாவையை மூடியதையும் கொழும்புச் சனம் மறந்திருக்காது. ஆனால் சென்ற வருஷம் நவம்பர் 28 அன்று டித்வா புயல் கிழக்குக் கரையால் ஏறிய பிறகு, இந்த மூன்று மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மண் சரிந்த ஊர்களின் பெயரை ரேடியோ வாசிக்க வாசிக்க, அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனது நினைவிருக்கிறது.

“வெள்ளவத்தையில, அதுவும் ஏழாம் மாடியில இருக்கிற உங்களுக்கு என்ன வெள்ளம்?” என்று கந்தோரில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கொழும்புக்குப் புயல் காற்றாக வருவது அருமை. கிழக்கால் ஏறி வரும் புயல் இங்கு வந்து சேரும்போது மழையாகத்தான் மிஞ்சும். மலைநாட்டில் கொட்டுகிற மழை களனியில் இறங்கி எங்களிடம் வருகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அதே களனியில், அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர். டித்வா நேரம் அந்த நிலையத்துக்கே வெள்ளம் புகும் ஆபத்து வந்து, மண்மூட்டை அடுக்கிக் காத்தார்கள். ஆறு பெருகினால் எங்கள் குழாய் காயும். இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியவரும்.

ஒக்டோபர் 10, சனி

தொடர்மாடியில் கரண்ட் போனால் மூன்று விஷயம் சேர்ந்து போகும். லிப்ட் நிற்கும். கீழ்த் தாங்கியில் இருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் போனும் சாகும். லிப்டுக்கு ஜெனரேட்டர் உள்ள கட்டிடங்கள் உண்டு. எங்களுடையது பழைய கட்டிடம், இல்லை.

ஆகவே இன்று காலை கீழே இறங்கிக் காவலாளி ஐயாவோடு பேசினேன். புயல் அறிவித்தல் வந்த உடனேயே, கரண்ட் இருக்கும்போதே, மேல் தாங்கியை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். வழக்கமாகத் தாங்கி பாதிக்குக் கீழே போன பிறகுதான் மோட்டர் போடுவார். ஐயா காலிப் பக்கத்துச் சிங்களவர், என் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மோட்டர் அறைக் கதவில் தானே ஒரு மட்டையில் எழுதி ஒட்டினார்.

வீட்டுக்குள் எவ்வளவு சேர்ப்பது? இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குச் சர்வதேச நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அடிமட்ட அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து. அம்மாவும் நானும் மூன்று நாள் சமாளிக்க 90 லீற்றர். குளியலறையில் மூடி உள்ள பரல் ஒன்று, குடிக்க மட்டும் தனியாகப் போத்தல்கள். பரலின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெள்ளத்துக்கு என்று சேர்த்த தண்ணீரில் டெங்கு நுளம்பை வளர்த்தால் அதைவிடக் கொடுமை இல்லை.

ஒக்டோபர் 17, சனி

155 எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குச் சின்னம்மாவிடம் போனேன். எங்கள் வீட்டு ஆயத்தமும் சின்னம்மா வீட்டு ஆயத்தமும் ஒன்றல்ல. அவருடைய வீடு புளூமெண்டால் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், நிலத்தோடு இருக்கிறது. வாசற்படிக்கு முன்னால் கான். பெருமழைக்குக் கான் நிரம்பி, கறுப்புத் தண்ணீர் முன்னறைக்குள் வந்துவிடும்.

சின்னம்மா வானத்தைப் பார்த்து மழையைக் கணிப்பவர். நான் அவருக்கு நாகலகம் வீதியைப் பற்றிச் சொன்னேன். களனி கடலில் சேருவதற்குச் சற்று முன், கிராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீரளவுகோல் இருக்கிறது. 5 அடி வந்தால் சிறுவெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். டித்வாவில் 7 அடியையும் தாண்டியது. அதற்கு மேலே ஹங்வெல்ல, கிளென்கோர்ஸ், கித்துல்கல என்று ஒன்றன் மேல் ஒன்றாக அளவிடங்கள். கித்துல்கலவில் ஆறு ஏறினால் அந்தத் தண்ணீர் கொழும்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் சின்னம்மாவின் கையில் இருக்கும் முதல். ஆறு உயர்ந்தவுடன் அது ஊருக்குள் ஏறாமல் இருக்க மதகை மூடுவார்கள். மூடினால் ஊருக்குள் பெய்த மழைக்கும் போக்கிடம் இல்லை. கொட்டாஞ்சேனையில் வெயில் எறிக்கும்போதும் கான் வடியாமல் நிற்பது இதனால்தான்.

“அப்ப நான் மேகத்தைப் பாக்காம கித்துல்கலையைப் பாக்கோணும் எண்டு சொல்றாய்?” என்றார். அதேதான்.

பிறகு இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர், காலியாக இருந்தால் வெள்ளத்தில் மிதந்து போய் எங்காவது மோதும். ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் வாசலைத் தொட முன்னரே மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். வடிந்த பிறகு எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை திரும்பப் போடக் கூடாது. உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தன, அவற்றை மேல்தட்டுக்கு மாற்றினோம்.

கடைசியாகத் தையல் மெஷின். கால்மிதி மெஷின், இரும்பு அடிக்கட்டு, சின்னம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் வாங்கியது. மெஷினின் பக்கத்தில் பாடசாலைச் சீருடைத் துணி, ஒவ்வொரு கட்டுக்கும் மேல் ஊசியால் குத்திய துண்டு, அதில் பிள்ளையின் பெயர், தோள் அளவு, நீளம். சின்னம்மாவின் சீவியம் அந்த மூலையில்தான் இருக்கிறது. மேசை மேல் ஏற்ற இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். அவர் அதைப்பற்றிப் பேசவில்லை, துணிக்கட்டுகளை மட்டும் பொலித்தீன் பைக்குள் போடத் தொடங்கினார்.

ஒக்டோபர் 22, வியாழன்

காலி வீதி பாமசியில் அம்மாவின் பிரஷர் குளிசை, இன்சுலின் ஒரு மாதத்துக்கு. பாவனையில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 4 கிழமை வரை சாதாரண அறையில் தாங்கும் என்றார் பாமசிக்காரத் தங்கச்சி. திறக்காததைக் குளிராக வைக்க, பிரிஜ் இல்லாதபோது ஈர மண்சட்டி. ஜீவனி பக்கெற்றுகளும் எடுத்தேன். சின்னம்மாவுக்கு ஒரு சோடி ரப்பர் சப்பாத்து. வெள்ளத்தில் கால் வைத்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம், அதற்கான தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 30, வெள்ளி

1995இல் இதே திகதியில்தான் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்று மத்தியானம் கட்டிலில் ஒரு பையை வைத்துக்கொண்டு இருந்தார்.

அவசரப் பை கட்டுவது எப்படி என்று நான் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அம்மா அதை வாசிக்காமலே கட்டி முடித்திருந்தார். அடையாள அட்டை, பாஸ்போட், உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன். சில்லறைக் காசு தனியாக, ஏனென்றால் கரண்ட் இல்லாத ஊரில் காட் வேலை செய்யாது, ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்கு யாரிடமும் மிச்சம் இருக்காது. ஒரு சாறி. “சாறி என்னத்துக்கம்மா?” “போர்வை, திரை, ஏணை, கயிறு. எல்லாத்துக்கும் அதுதான் பிள்ளை.” என் பட்டியலில் இல்லாத இன்னொன்றும் வைத்திருந்தார்: வெளிநாட்டில் உள்ள தம்பியினதும் மாமாவினதும் நம்பர்களைக் கொப்பித்தாளில் பெரிய எழுத்தில். போன் செத்தால் எனக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. டித்வாவில் பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் விழாமலே, கரண்ட் இல்லாமல் ஊமையாகிப் போனது நினைவுக்கு வந்தது.

யுத்தம் இந்தச் சனத்துக்குப் படிப்பித்த பாடங்களில் இது ஒன்று. எந்தக் கையேட்டையும்விட அம்மாவின் கை வேகமாக வேலை செய்கிறது. அந்த வேகம் எப்படி வந்தது என்று நினைக்கத்தான் நெஞ்சு அடைக்கிறது.

நவம்பர் 1, ஞாயிறு

பின்னேரம் கட்டிடத்தில் எல்லோரும் கூடினோம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் உண்மையான நிலைமை அந்தக் கூட்டத்தில் தெரிந்தது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், தாய் தகப்பன் இங்கே தனியே. ஐந்தாம் மாடி அன்ரி நடக்க வோக்கர் பிடிப்பவர், லிப்ட் நின்றால் அந்த வீடே அவருக்குச் சிறை. இரண்டாம் மாடியில் இரவில் ஒட்சிசன் மெஷின் தேவைப்படும் ஒருவர். என்னைக் கேட்டால் புயல் ஆயத்தம் என்பது முதலில் இந்தப் பட்டியல்தான்: யார் தனியாக இருக்கிறார்கள், யார் அவர்கள் கதவைத் தட்டுவது. பேணி மீனும் விசுக்கோத்தும் அதற்குப் பிறகு.

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஆள் என்று பிரித்தோம். ஒட்சிசன் ஐயாவுக்குப் புயல் அறிவித்தல் வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, மகளின் வீட்டுக்குப் போவது என்று முடிவு. 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். 1990, அம்புலன்ஸ். 1987, மின்தடைக்கு. மூன்றையும் லிப்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினோம். சின்ன ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அதன் புகையில் உள்ள நச்சு வாயு மணம் இல்லாமல் ஆளைக் கொல்லும்.

மட்டக்களப்பு அங்கிள் 1978 நவம்பர் 23 புயலைச் சொன்னார். அப்போது அவர் பொடியன். இரவு காற்று ஒருமுறை அடங்கியதாம். முடிந்தது என்று சிலர் வெளியில் வந்து ஓட்டைப் பொறுக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கத்தில் இருந்து மறுபடி அடித்தது, தென்னைகள் அப்போதுதான் கூட விழுந்தன. “காத்து நிண்டா அது புயலின்ர கண். ரேடியோ சொல்லாமல் கதவைத் திறக்கப்படாது” என்றார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதிலும் நீண்ட பேச்சு நடந்தது. டித்வா நாட்களில் அபாய அறிவித்தல்கள் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்று பலரும் சுட்டிக்காட்டினார்கள். மண்சரிவு அறிவித்தல் என்பது ஓடுவதற்கான அறிவித்தல், ஒரு மணித்தியாலம் பிந்தினால் அது அறிவித்தலே அல்ல. மலையகத்தில் லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அது உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. அரசு அதைச் செய்தே ஆக வேண்டும். அதுவரைக்கும் எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடிப் பிள்ளை, சிங்கள மொழிமூலம் படித்தவள், வரும் ஒவ்வொரு அறிவித்தலையும் தமிழில் குரல் பதிவாக்கி வட்ஸ்அப்பில் போடுவாள். கண் தெரியாதவர்களுக்கும் அது உதவும். பதுளையில் உள்ள தன் மாமி வீட்டுக்கும் அனுப்புவதாகச் சொன்னாள்.

நவம்பர் 3, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு சின்னம்மா போன் எடுத்தார். நாகலகம் வீதி 4 அடிக்கு ஏறும்போதே புறப்படுவது, 5 வரை காத்திருக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். எங்கள் வீட்டு முன்னறையில் மெத்தை ஒன்று போடலாம். அவருக்கு இன்னும் ஒரு யோசனை இருந்தது. “மெஷினை என்ன செய்யிற மகள்?” மேல்வீட்டுத் தம்பியும் அவனுடைய கூட்டாளியும் தங்களுடைய மாடிக்கு ஏற்றித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் படிக்கட்டு ஒடுக்கம், மெஷின் தலையைக் கழற்றினால்தான் போகும். திருகாணி துருப்பிடித்துக் கிடக்கிறதாம். ஞாயிறு மண்ணெண்ணெயும் ஸ்பானரும் கொண்டு வருகிறேன், மழைக்கு முன் ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்ப்போம் என்றேன்.