நான் இட்ட ஒப்பம்

ஆர்தர் மில்லர் எழுதி 1953இல் அரங்கேறிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தின் கதையைக் கல்லூரியில் பயிலும் என் மகன் சொன்னான். 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட வரலாறே அதன் கரு. ஜான் பிராக்டர் என்னும் குடியானவன் உயிருக்கு அஞ்சிப் பொய் வாக்குமூலத்தில் ஒப்பமிடுகிறான். அதை ஊரார் காண ஒட்டப் போகிறார்கள் என்றதும், தன் பெயரை இழக்க மனமின்றிக் கிழித்தெறிந்து தூக்குமேடை ஏறுகிறான்.

மகன் வியந்தான், நான் தலை குனிந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் ஓதிக் கொடுத்துவந்தேன். அண்டை வீட்டுப் பிள்ளை நோயுற்றதற்கு ஒரு விதவைத் தாயின் செய்வினையே காரணம் எனப் பழி எழுந்தது. அவரை ஊர்விலக்கம் செய்யக் கோரும் தாளை நீட்டி, “ஹஜ்ரத், நீங்களும் ஒப்பமிடுங்கள்” என்றார்கள். மறுத்தால் பிழைப்புப் போகும். ஒப்பமிட்டேன்.

இரவெல்லாம் உறக்கமில்லை. கற்புடைய பெண்கள் மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 கசையடி; அவர்தம் சாட்சியமும் செல்லாது என்கிறது ‘அந்நூர்’ அத்தியாயம். அது வேறு வகைப் பழியைப் பற்றியது. எனினும் பிறர் பெயரைக் கெடுப்பவன் தன் சொல்லின் மதிப்பையே இழக்கிறான் என்பது என்னைச் சுட்டது.

சுப்ஹுக்குப் பின் சென்று என் பெயரை அடித்தேன். வேலை போயிற்று. ஆனால் அந்தத் தாய் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போயிருந்தார்.

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஆயினும் அடியார்க்கு இழைத்த தீங்கிற்கு அவர்தம் மன்னிப்பும் வேண்டுமே! அதைக் கேட்க இன்றுவரை அவரை நான் காணவில்லை.