எதிர்பார்க்க வேண்டிய பிழை

ஆசிரியப் பணிக்கான நேர்முகத் தேர்வு நெருங்கும் நாள்களில், பயிற்சி முடித்த இளைஞர் சிலர் தாம் எழுதிய கணிதப் பாடத்திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. நோக்கம், பயிற்றுத் துணைப்பொருள், நடவடிக்கை, மதிப்பீடு என யாவும் முறையாக நிரம்பியிருக்கும். நான் தேடுவது ஒன்றே. மாணவன் எவ்விடத்தில் தடுமாறுவான் என்பது அதில் எழுதப்பட்டுள்ளதா? பெரும்பாலும் இராது.

பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்வோம். 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால், தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அது சோம்பலால் வந்த விடையன்று. முழு எண்களில் கற்ற முறையையே பிள்ளை இங்கும் நம்பிக்கையோடு கையாளுகிறது. அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு விதியை ஒப்புவிக்கச் செய்தால், விதி மனப்பாடமாகும், ஐயம் தீராது.

ஆகவே, அப்பிழையிலிருந்தே பாடத்தைத் திட்டமிடலாம். ஐந்து வெள்ளியில் பாதி இரண்டரை வெள்ளி. 2/5 பங்கோ இரண்டு வெள்ளிதான். அரையோடு இன்னும் சேர்த்த பின்னர் அரையினும் குறையுமா? இவ்வினாவே வகுப்பைச் சிந்திக்க வைக்கும். அடுத்து, 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தாள்பட்டையைக் கொடுக்கலாம். அதில் பாதி 6. மூன்றில் ஒன்று 4. இரண்டும் சேர்ந்து 10. பன்னிரண்டில் பத்து என்பது 5/6. பன்னிரண்டு, இரண்டாலும் மூன்றாலும் மீதியின்றி வகுபடுவதைப் பிள்ளைகள் கண்டுகொண்டால், பொதுப் பகுதியின் தேவை தானே விளங்கும். செயல், படம், குறியீடு என 1960களில் ஜெரோம் புரூனர் வகுத்துக் காட்டிய வரிசையும் இதுவே.

பாட முடிவில் 1/3 + 1/4 ஐக் கொடுத்து, விடை அரையைத் தாண்டுமா என்று முதலில் ஊகிக்கச் சொல்லலாம். விடை 7/12, அரையைச் சற்றே தாண்டுகிறது. ஊகித்த பின் கணக்கிடும் பிள்ளை, தன் விடையைத் தானே சோதிக்கப் பழகும்.

“இவ்விடை எப்படி வந்தது?” என்ற வினாவும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் ஆங்கிலத்துக்கு மாறிய கணிதம், 2011 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. தாய்மொழியில் பிள்ளை தன் எண்ணத்தைத் தயங்காமல் சொல்லும். அதைச் செவிமடுக்க ஆசிரியர் ஆயத்தமாக இல்லையெனில், அவ்வாய்ப்பினால் பயன் என்ன?

நேர்முகத் தேர்வில் கற்பித்தல் படிகளை வரிசையாகக் கூறுவோர் பலர் இருப்பர். “பிள்ளை 2/5 என எழுதினால், நான் இவ்வாறு வினவுவேன்” என்று கூறவல்லவரே வகுப்பறைக்குள் நுழைய ஆயத்தமானவர் என்பது என் துணிபு.