மேட்டு பங்களா விலைக்கு

போன வாரம் திருவானைக்காவலில் நிறுத்தியிருந்தேன். ஜம்புகேசுவரர் கருவறையிலேயே நீர் ஊறும் ஊர் அது. அங்கே பழைய வீடு பார்க்கப் போனால் கிணற்றையும் முற்றத்தையும் காட்டுவார்கள். ஊட்டியில் தரகர் முதலில் திறந்து காட்டியது ஜன்னலை.

பங்களா ஒரு மேட்டின் உச்சியில். சிவப்புத் தகரக் கூரை, அதன் விளிம்பில் சரிகைபோல் செதுக்கிய மரச்சட்டம், அறைக்கு அறை கணப்பு. குளிர்காற்று இறங்காமலிருக்க ஒரு கணப்பின் வாயில் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். "கட்டடத்தை விடுங்க சார், இடத்தைப் பாருங்க" என்றார் தரகர். சொன்ன விலை முழுக்க மண்ணுக்கு. வீடு இலவச இணைப்பு.

இந்த மலை பங்களா மோகத்தைத் தொடங்கி வைத்தவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1822-ல் அவர் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ்தான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. ஊர்க்காரர்களுக்கு அது கல் பங்களா. இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் தங்கிய வீடு பாழாகிக் கிடந்து, பின் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகமானது.

விற்று வாங்கிய கதைக்கு ஃபெர்ன்ஹில் அரண்மனை. 1844-ல் எழுந்த பங்களா. 1873-ல் மைசூர் மகாராஜா பத்தாவது சாமராஜ உடையார் வாங்கினார். விலை 10,000 ரூபாய் என்பார்கள். பர்மா தேக்கு வேலைப்பாடும் நடனக்கூடமுமாக வளர்ந்து, பிற்பாடு ஹோட்டலானது. மலை ரயிலில் அதன் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. தண்டவாளம் ஊட்டியைத் தொட்டது 1908-ல்.

பிழைத்த வீடுகளைப் பாருங்கள்: கல்லூரி, அருங்காட்சியகம், ஹோட்டல். நம் மலைக்கோட்டை அடிவாரத்து ராணி மங்கம்மாள் மஹாலும் அருங்காட்சியகமாகத்தான் நிற்கிறது. குடியிருக்க வாங்கிக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல எனக்கு ஒரு பெரிய வீடும் அகப்படவில்லை.

காரணம் செலவு. நீலகிரி மழைக்குத் தகரம் துருப்பிடிக்கும். உத்தரம் ஓதம் குடிக்கும். அந்தச் செதுக்கல் சட்டம் உடைந்தால் அதே மாதிரி அறுத்துக் கொடுக்க ஆசாரி வேண்டும். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பலாமென்றால், மலைப்பகுதிக் கட்டட விதிகள் 7 மீட்டருக்கு மேல் உயர விடுவதில்லை. உயரக் கட்டுப்பாடு ஒரு விதத்தில் இவற்றுக்குக் காவல்தான்.

தரகரிடம் கூரையை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். மறுபடி ஜன்னலைத் திறந்தார். அடுத்த வாரம் குன்னூர்.