வெட்டுத்துணி மூட்டை

அம்மாச்சி தைத்த விரிப்புகளில் ஒன்றுகூட இன்று எங்கள் யாரிடமும் இல்லை. மகள்களுக்கு, மருமகள்களுக்கு, பிரசவத்துக்கு வந்த பேத்திகளுக்கு, கம்மாய்க்கரையில் தனியாகக் கிடந்த ஒரு பாட்டிக்கு என்று ஆண்டு தவறாமல் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அத்தனையும் உழைத்துத் தேய்ந்து தீர்ந்துவிட்டன. பீரோவில் மடித்து வைக்கும் பொருளாக அவற்றை யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

பிளவக்கல் அணைக்குக் கீழே, கூமாப்பட்டிப் பக்கம் தோட்டத்து வீடு. எழுபதுகளில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு ஓடைகளையும் மலையடிவாரத்தில் மறித்து அணை கட்டினார்கள். வத்திராயிருப்புப் பக்கத்துக் கம்மாய்களுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலை கருத்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தரை ஈரம் ஏறும். அந்த ஈரத்துக்குத்தான் அம்மாச்சியின் விரிப்பு. 2025இல் கைபேசியில் ஓடிய சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் கூமாப்பட்டியைத் தேடி வந்தார்கள். அந்தப் படங்களில் வாய்க்காலையும் தென்னந்தோப்பையும் பார்த்தபோது, அந்த வாய்க்கால் கல்லில் துவைத்துக் காயப்போட்ட விரிப்புகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஈரத்தில் ஒன்று தூக்க முடியாத கனம் கனக்கும். பிழிய இரண்டு பேர் வேண்டும்.

அவள் தைக்கிற முறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாணம் மெழுகிய தரை நன்றாகக் காய்ந்த பிறகு முதல் சேலையை விரிப்பாள். சுருக்கம் எடுபடும்வரை உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுவாள். நாலு மூலைக்கும் பாரம்: அம்மிக்குழவி, உழக்கு, தண்ணீர்ச் செம்பு, இன்னொன்றுக்கு எங்களில் யாராவது ஒருத்தர். அதன் மேல் இன்னொரு சேலை, அதற்கும் மேல் ஒன்று. கிழிந்த சேலை நடுவில் போகும், ஓரளவு நல்லது மேலே வரும். சேலையில் முதலில் நைவது பின்பக்கம் உட்காரும் இடம். முந்தியும் கொசுவத்தின் உள்மடிப்பும் அழுத்தமாகவே இருக்கும். எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பது அவளுக்கு அத்துப்படி. நூல்கண்டுக்குக் காசு எதற்கு என்று சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, இரண்டு இழையாக முறுக்கி, ஊசியில் கோத்துக்கொள்வாள். நடுவில் தொடங்கி ஓட்டுத்தையல். ஒரு விரல்கடை தள்ளி அடுத்த வரி. கண் மங்கிய பிறகு தையல் நீண்டது, வரி கோணியது, ஆனால் நிற்கவில்லை. ஊசி கோத்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகள் வேலை.

அந்தக் காலத்தில் ஒரு சேலை எத்தனை ஆயுசு வாழ்ந்தது! புதுசாக இருக்கும்போது கோயிலுக்கும் விசேஷத்துக்கும். பிறகு வீட்டுக்கு. பிறகு காட்டு வேலைக்கு. நைந்த பாகத்தை வெட்டி எறிந்து மகளுக்குப் பாவாடை. மிச்சம் தொட்டில். அதற்குப் பிறகு பெண்கள் யார் கண்ணிலும் படாமல் மறைவில் உலர்த்திய துணி. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுசாகாது. கடைசியில் அடுப்படிக் கரித்துணி. சுத்தமான ஓரம் கிடைத்தால் கிழித்துத் தொடையில் வைத்து உருட்டித் திரி. கார்த்திகைக்கு வாசலில் எரிந்து அது முடியும். அம்மாச்சியின் விரிப்புகளும் அந்த வழியில்தான் போயின.

அம்மா போன பிறகு அவளுடைய சேலைகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மதினி இரண்டு எடுத்துக்கொண்டாள், தங்கை இரண்டு. கட்டிக்கொள்ள முடியாத பழைய நூல் சேலைகளை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் பழைய சட்டைகளோடு சேர்த்து மூட்டையாகக் கட்டி எடுத்து வந்துவிட்டேன். ரொம்ப நாள் அது பரணில் கிடந்தது. தங்கை பேத்திக்குத் தொட்டில் போடும் சமயத்தில்தான் இறக்கி, மிஷினுக்கு எண்ணெய் விட்டு, கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூட்டையை அவிழ்த்தால் எங்கள் வட்டாரமே வெளியே வந்தது. மேலே இருந்தது சுந்தரபாண்டியம் கைத்தறி. அரக்குச் சிவப்பு உடல், மாம்பழக் கரை. வத்திராயிருப்பிலிருந்து சுந்தரபாண்டியத்துக்கு அம்மாவோடு சேலை எடுக்கப் போன காலத்தில், தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கேட்கும். விடிகாலையில் போனால் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். கஞ்சி போட்ட நூல் வெயில் ஏறுமுன் காய வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் நீவிக்கொண்டே நடப்பார்கள். ஆடு மாடு குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளச் சின்னப் பிள்ளைகள் காவல். திண்ணையில் வயதான பெண்கள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அம்மா சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெசவு அடர்த்தியைப் பார்த்துத்தான் விலை பேசுவாள். இன்று அந்தத் தெருக்களில் தறிகள் குறைந்துவிட்டன. நெய்கிற கைகளுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கூலி என்னவென்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பில் கத்தரி வைக்கும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

அதன் கீழே அப்பாவின் சட்டைகள். ராஜபாளையத்தில் மில் வேலை. 1936இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்த நூற்பாலைகளால் அந்த ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து படுத்தது. சுற்றியுள்ள கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலமும் இருந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா முந்தியால் தட்டிவிடுவாள். அந்தச் சட்டைகளில் காலர்தான் நைந்திருந்தது. முதுகுத் துணி அப்படியே இருக்கிறது. காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருப்பதையும் பார்த்தேன். அம்மாவின் கைவேலை. ஒரு சட்டைக்கு இரண்டாவது ஆயுசு கொடுக்க அன்றைக்கு அதுவே வழி. அந்தத் திருப்பிய காலர்களை மட்டும் வெட்டாமல் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

நடுவில் நிரப்புவதற்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். இலவம் பஞ்சு மெத்தைக்கு நன்றாக இருக்கும். போடிநாயக்கனூர்ப் பஞ்சு இன்றும் பேர்போனது. ஆனால் துவைக்கிற விரிப்புக்கு ஆகாது, ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். கைக்குழந்தைக்கு மூச்சுவிடுகிற துணி வேண்டும். கடைசியில் விடை பக்கத்திலேயே இருந்தது, சத்திரப்பட்டியில். ராஜபாளையத்திலிருந்து கூப்பிடுதூரம். அங்கே விசைத்தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. ஈரத்தை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக இழை இடைவெளி விட்டு நெய்யும் துணி அது. வாங்கி வந்து வெந்நீரில் போட்டுச் சுருங்கவிட்டு, அடுக்கடுக்காக மடித்து நடுவில் வைத்தேன். பஞ்சு மாதிரி மெத்தென்று ஆனது. அடித்துணிக்கு மட்டும் அம்மாவின் சுங்குடி.

கலர் போதவில்லை என்றபோது கைகொடுத்தது தளவாய்புரம். நைட்டி தைக்கிற ஊர். மேஜையில் துணியை அடுக்கி மிஷினால் வெட்டும்போது கழுத்து வளைவிலும் அக்குளிலும் விழும் துண்டுகளை மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள். தெரிந்த ஒரு அக்கா அங்கே ஓவர்லாக் அடிக்கிறாள். அவளிடம் சொல்லிவைத்தால் ஒரு பை நிறைய வரும். பிறைபோலவும் முக்கோணமாகவும் இருக்கும் அந்தத் துண்டுகளைப் பார்த்தாலே எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்லிவிடலாம். அவற்றை நேராக்கினால் பாதி வீணாகும். அதனால் பிறையைப் பிறையாகவே ஒட்டுத்தையல் போட்டுப் பூவிதழாக ஆக்கிக்கொள்கிறேன்.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைச் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தேர்ச்சீலை ஞாபகம் இருக்கும். சிவப்பு மேல் வெள்ளை, மஞ்சள் மேல் பச்சை, யாளியும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைத்தவை. உருளையாகத் தொங்கும் தொம்பை காற்றில் சுழலும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்றும் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி நுண்ணிய ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்கிறார்கள். கர்நாடகத்தில் கவுதி. அங்கே உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் விரிப்பை முடித்த பிறகும் நாலு மூலையிலும் துணியில் பூ மடித்து வைக்காவிட்டால் வேலை முடிந்ததாக ஒப்ப மாட்டார்கள். அம்மாச்சி இவை எதையும் பார்த்ததில்லை. அவள் போன தூரம் மதுரைவரைதான். ஆனாலும் அதே தையல் அவள் கையில் இருந்தது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய ஊர். அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள், பருத்திக் காட்டில் உழைத்தவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காக, கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த விரிப்புகளை 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அவற்றுக்கு அஞ்சல் தலை வந்தது. அந்த ஊர் விரிப்புகளில் ஒன்று மிசௌரி பெட்வே 1942இல் தைத்தது. கணவர் இறந்த துக்கத்தில், அவர் வயலுக்குப் போட்டுப்போன உடுப்புகளையே வெட்டி இணைத்தார். முழங்காலில் வெளுத்திருந்த கால்சட்டைத் துணி அப்படியே தெரிகிறது. அதன் படத்தைப் பார்த்த அன்றுதான் அப்பாவின் சட்டைகளைத் தொட எனக்குத் தைரியம் வந்தது.

தொட்டில் விரிப்புக்குப் பிறகு கை நிற்கவில்லை. தங்கைக்கு அம்மாவின் சேலைக் கரையில் ஒரு கைப்பை. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் மருமகளுக்கு டிபன் கேரியர் பை, உள்ளே சூடு தாங்க அப்பாவின் பழைய கம்பளித் துண்டு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும் பெரியப்பாவுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் உறை. 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கிய பிறகு தாம்பூலப் பைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். காசு வாங்குவதில்லை. பழைய துணி கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்கிறேன். கொண்டுவருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. இது எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது, அவர் இப்போது எங்கே என்று பேசிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே மிஷினை வராந்தாவில் போட்டிருக்கிறேன்.

ஒருவர் உடுத்தியது இன்னொருவருக்கு எப்படிப் பரிசாகும் என்று சில பேர் தயங்குகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் தயக்கமே வராது. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. அவள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகக் கையால் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு, வாழைநாரில் கட்டு. மணிக்கணக்கில் வேலை வாங்கும் அந்தக் கிளி மறுநாள் யாரோ ஒரு பக்தர் கைக்குப் போய்விடும். ஒருநாள் பொருளுக்கு அவ்வளவு நறுவிசு! நான் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கிளியை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாடும்வரை அம்மாச்சி அதைப் பூஜை மாடத்தில் வைத்திருந்தாள். வாடியதும் துளசிச் செடிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

தொட்டில் விரிப்பைத் தங்கை மகள் பிரித்துப் பார்த்தாள். சிவப்பைத் தடவி, “இது பாட்டி சேலைல, பெரியம்மா?” என்று கேட்டாள். பிறகு பத்திரமாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைக்கப் போனாள். அழுக்காகிவிடுமாம்.

“தரையில விரி, தாயி. பிள்ள மோண்டாலும் மோளட்டும். துவைச்சுக்கலாம்.”

“கிழிஞ்சு போச்சுன்னா?”

“கிழிஞ்சா கொண்டா. ஒட்டுப் போட்டுத் தாரேன்.”

போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். பிள்ளை குப்புறக் கிடக்கிறது. கேழ்வரகுக் கூழ் கரை பக்கம் கொட்டியிருக்கிறது. சுங்குடி ஓரத்தில் ஒரு தையல் விட்டிருப்பதும் தெரிகிறது. அதை இரட்டை நூலில் போட வேண்டும். தையில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். கட்டில் அளவுக்கு ஒன்று வேண்டும் என்கிறான். அப்பாவின் கைலிகள் மதினியிடம் இருக்கின்றன. அவற்றையும், காலர் திருப்பிய சட்டைகள் வேறு ஏதாவது இருந்தால் அவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.